சிமெண்ட் வைக்காத கூடம்

என் மாமனார் விடியற்காலையில் வெறுங்காலோடு எங்கள் கூடத்தில் நடப்பார். உடம்புக்காக நடக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு டைல்ஸாக ஏறி நிற்பார், மூலைக்கு மூலை குதிகாலை வைத்து அழுத்துவார், ஆடவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததற்கு நகர்வார். திறந்திருக்கும் படுக்கையறைக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அப்போது நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். இன்று அவர் இல்லை. கூடத்துத் தரை சிமெண்ட்டில் கெட்டியாகக் கிடக்கிறது, யானையைக் கட்டினாலும் அசையாது. ஆனாலும் குளியலறைக்குப் போக எழுந்தால், முதல் அடியை என் கால் சோதித்துப் பார்த்துத்தான் வைக்கிறது.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் அவர் கட்டிய வீடு அது. அவருடைய அப்பா இந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலைக்கென்று சென்னை வந்து, அவர் மகனைக் கட்டிக்கொண்டவள். மாமனாருக்குச் சாமி, சகுனம் எதுவும் ஆகாது. இந்த வீட்டுக்கு எமகண்டத்தில் பால் காய்ச்சியதை, ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிப்பார்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கொத்து வேலை எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. சுவரை இடிக்கக் கூடாது, தரையைக் கொத்தக் கூடாது, சிமெண்ட் கலக்கக் கூடாது. நான் முதல் முறை உண்டாகியிருந்தபோது அவர் சமையலறை மேடையை இடித்துப் புதிதாகக் கட்ட ஆள் சொல்லியிருந்தார். அம்மா போனில் அழாத குறையாகச் சொன்னதால், நான் தயங்கித் தயங்கி அவரிடம் போய், “மாமா, இப்ப வேண்டாமே” என்றேன். அவர் சிரித்தார். “உளிக்கும் உன் வயித்துக்கும் இன்னாம்மா சம்மந்தம்? நீ பாட்டுக்கு ரூம்ல குந்திகினு டிவி பாரு.” மேடை அழகாகத்தான் வந்தது. கருங்கல் பளபளவென்று இருந்தது. மேடைப் பூச்சு காய்ந்து முடிவதற்குள் எனக்குக் கரு கலைந்துவிட்டது.

இப்படி நடப்பதுண்டு, யாருடைய தவறும் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்தது. படித்த பெண், புரியாமல் என்ன? ஆனால் அதற்குப் பிறகு அந்த மேடையில் காய் நறுக்காமல், கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்கினேன். வீட்டில் ஒருவரும் மாமனாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்படிக்கு வந்து நின்று வம்பளந்தபடி காபி குடிக்கிற மனிதர், அதற்குப் பிறகு டம்ளரைக் கூடத்திலேயே வாங்கிக்கொண்டார்.

மறுபடி உண்டானபோது ஆரம்பத்திலேயே ரத்தம் கசிந்தது. படுத்தே இருக்க வேண்டும், பயணமே கூடாது என்றுவிட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போகிற வழியும் அடைபட்டது. இந்த நேரம் பார்த்து ஒரு வெயில் மத்தியானம், கூடத்து நடுவில் டைல்ஸ் பட்டென்று வெடித்துக் கூரை மாதிரி எழும்பி நின்றது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியே அதுதான். வந்து பார்த்த கொத்தனார் அங்கங்கே தட்டினார். தட்டிய இடமெல்லாம் உள்ளே பிடிப்பில்லாமல் பொள்ளென்று கேட்டது. “மொத்தமா கொத்திட்டு புச்சா போடணும்” என்றார். கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமனார் பேசிவிட்டார். “உளி வேணாம்பா. சிமெண்ட்டும் வேணாம். நான் பாத்துக்கிறேன், நீ கெளம்பு.”

மறுநாளே தொடங்கினார். பெயர்ந்து நின்றவற்றைக் கையாலேயே தூக்கி எடுத்தார். அந்தப் பள்ளத்தில் சலித்த மணலைக் கொட்டி, மீதித் தரையோடு சமமாகும்வரை சட்டத்தால் இழுத்தார். மேலே கூடம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் விரிக்கிற ரப்பர் ஷீட். அதன் மேல் புது டைல்ஸ், ஒன்றையொன்று நெருக்கி, பசையில்லாமல், வெறுமனே வைத்தார். மெல்லியது உடையும் என்று கார் நிறுத்துகிற இடத்தில் போடும் தடித்த ரகம் வாங்கியிருந்தார். எங்கள் கூடம் கார் இல்லாத கார் ஷெட் மாதிரி ஆனது. வெட்டுவதும் ஆகாது என்று ஒரு டைல்ஸைக்கூட வெட்டவில்லை; சுவரோரம் மிஞ்சிய இடத்தில் மரச்சட்டங்களை இறுக்கிச் செருகினார். தரை உயர்ந்ததில் வாசல் கதவு இடித்தது. கதவைக் கழற்றி அடியைச் சீவினார். மரம் சீவுவது கொத்து வேலையில் சேராது என்று தீர்ப்பும் அவரே சொல்லிக்கொண்டார். என் கணவர், “அப்பா, உனக்குத்தான் இதுலலாம் நம்பிக்க கெடையாதே” என்று சீண்டினார். “வேலயப் பாருடா” என்றார்.

அந்தத் தரை எனக்கு நிம்மதி தந்தது என்று சொன்னால் பொய். உளிச் சத்தத்துக்குப் பயந்தவள் இப்போது தரைக்கே பயந்தேன். நடந்தால் காலடியில் லேசாக டக்கென்று சத்தம் வரும். தண்ணீர் சிந்தினால் மணல் இளகுமோ என்று பயம், சட்டம் நழுவுமோ என்று பயம். பயந்தது போலவே ஒரு நாள் நடந்தது. எறும்பு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்தியிருக்கிறது. நான் கால் வைத்ததும் ஒரு டைல்ஸ் பலகை போல ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமனார் ஓடிவந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “புள்ள அசையுதா?” என்றார். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். அசையவில்லை. ஆட்டோவில் ஆவடி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அசையவில்லை.

ஸ்கேன் அறையில் அந்த இதயத் துடிப்பு குதிரை ஓடுவது போலக் கேட்டதும் வாய்விட்டு அழுதேன். வெளியே வந்தால், மாமனார் பெஞ்சில் உட்காராமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். “நல்லா இருக்கு மாமா” என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். அன்றே அந்த டைல்ஸைத் தூக்கி மணல் நிரப்பினார், எறும்புப் பொடி தூவினார். மறுநாள் விடியலில் அந்த நடை தொடங்கியது. பிரசவ வலி வந்த நாள் வரைக்கும் ஒரு காலையும் தவறவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இனிக் கொத்தனாரை அழைப்பார் என்று பார்த்தால், தரை அப்படியே கிடந்தது. அவள் தவழ்ந்தாள், நடந்தாள், டக் டக்கென்று ஓடினாள். அவரோ மணல் நிரப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்கே பொறுக்காமல், “இப்பவாவது கொத்தனாரைக் கூப்பிடலாமே மாமா” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீ சொல்ட்டியா? அப்போ கூப்டலாம்.”

“நான் சொல்லணும்னா காத்திருந்தீங்க? இதுலதான் உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதே.”

“இப்பவும் கெடையாதும்மா. உளியால ஒண்ணும் ஆவாது, எனக்குத் தெரியும்.” கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். “ஆனா அன்னிக்கி நீ வேணான்ன. நான் சிரிச்சேன்.”

இத்தனை நாளும் அவரும் என்னைப் போலவே பயந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். உளியை வைத்து, சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஆரம்பிக்கட்டா சார்?” என்று அவரைக் கேட்டார். மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஆரம்பிங்க” என்றேன்.