முகாமுக்குச் சொல்லக் கூடாதவை

மேசைமேல் அம்மாவின் செல்போன் அடித்தது. அம்மா கூடத்தில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தாள். விடிகாலையில் உயிர் போயிருந்தது. சேதி கேட்டு வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள் இன்னும் தோள்பையைக்கூட இறக்கவில்லை. திரையில் அப்பாவின் மலை முகாம் எண். எடுத்தாள்.

“என்னம்மா, நீ எடுக்கறே? எப்ப வந்தே?”

“காலைலதான்பா. லீவு.”

“அம்மா எங்க?”

“குளிக்கிறாங்க.”

“எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்பா.”

இணைப்பு அறுந்தது. எதிர்வீட்டு அக்கா, ராணுவ லாரி ஓட்டுநரின் மனைவி, வாயில் கை வைத்தபடி நின்றாள்.

“அடிப்பாவி! என்னடி சொன்னே?”

மகள் போனைப் பார்த்தாள். தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி வந்தது, பதில் போய்விட்டது.

அந்தப் பதில் அம்மா பழக்கியது. கல்யாணமான புதிதில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மா ஒருமுறை போனில் அழுதுவிட்டாள். அன்றைக்குக் காவல் சுற்றப் போன அப்பா அதே நினைப்பாக நடந்து, சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முகாமுக்குக் கெட்ட சேதி எதுவும் போனதில்லை. கூரை ஒழுகியது போகவில்லை. மகள் கணக்கில் தோற்றது போகவில்லை. அம்மாவின் கர்ப்பப்பையை எடுத்தது, அப்பா விடுப்பில் வந்து தழும்பைப் பார்க்கும்வரை போகவில்லை.

ராணுவக் குடியிருப்பில் அம்மாவுக்கு ‘கமாண்டர்’ என்று பெயர். கணவனை முகாமுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் புதுப்பெண்கள் நேரே இங்கேதான் வருவார்கள்.

“பெரிய சைஸ் செருப்பு ஒண்ணு எப்பவும் வாசல்ல கெடக்கட்டும், ஆம்பளை வீட்ல இருக்கற மாதிரி. ஃப்யூஸ் போடக் கத்துக்கோ. அழணும்னா குக்கர் விசில் அடிக்கும்போது அழு, புள்ளைங்களுக்குக் கேக்காது. போன் வந்தா எந்திரிச்சு நின்னு பேசு. உக்காந்து பேசினா குரல் தொங்கிரும், அவன் கண்டுபிடிச்சிருவான்.”

“உங்களுக்கு என்ன கமாண்டரக்கா, கல்லு மாதிரி இருக்கீங்க” என்பார்கள். “கல்லுதான். அடுப்புல போட்டா தோசை சுடலாம்” என்பாள்.

எதிர்வீட்டு அக்கா மகளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“ரெண்டு மாசமா நெஞ்சுவலிடி உங்கம்மாவுக்கு, மாடிப்படி ஏற முடியாம மூச்சு வாங்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, அப்புறம் பாத்துக்கலாம்னுச்சு.”

“எங்கிட்ட வாரா வாரம் பேசினாங்களே. நல்லாயிருக்கேன்னாங்களே.”

“உங்கிட்டயும் நின்னுக்கிட்டுத்தான் பேசுவாங்க. நான் பாத்திருக்கேன்.”

மகளுக்கு மின்நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சோதிக்கிற வேலை. சுமை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே எண்ணைக் காட்டும் மீட்டரைக் கண்டால் முதலில் அதைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். வாராவாரம் ஒரே பதிலைச் சொன்ன குரலை மட்டும் அவள் சந்தேகிக்கவே இல்லை. வெளியூரில் இருக்கும் தன்னையும் அம்மா முகாம் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தாள். தோள்பையை இறக்கி வைத்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. குடியிருப்பின் நல அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்து ஒரு கணம் நின்றார்.

“உங்க அப்பாவுக்குச் சேதி போயிருச்சும்மா. அவரோட மேஜரே நேர்ல சொல்லிட்டார். ஆனா அவர் ஹெலிகாப்டர்ல ஏற மாட்டேங்கிறார்.”

“ஏன்?”

“ஆள் மாறிப்போச்சுங்கறார். இப்பத்தான் மககிட்ட பேசினேன், வீட்டுக்காரி குளிச்சிட்டிருக்கா, எவனோ ஒருத்தனுக்குப் போகவேண்டிய சேதி இது, அந்தப் பாவியத் தேடுங்கன்னு சத்தம் போடறார். அங்க மேகம் இறங்குது. இதை விட்டா நாளன்னிக்குத்தான் பறக்கும்.”

நாளைக் காலைக்கு மேல் உடலை வைத்திருக்க முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எதிர்வீட்டு அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அதிகாரி தன் போனில் முகாமைப் பிடித்து மகளிடம் நீட்டினார். மறுமுனையில் ஹெலிகாப்டர் விசிறிகள் சுற்றும் இரைச்சல்.

“அம்மாடி, இங்க என்னென்னவோ உளர்றானுங்க. அம்மாகிட்ட குடு.”

“அப்பா, ஏறுங்க.”

“முதல்ல அம்மாகிட்ட குடு. குளிச்சிட்டு வந்தாளா இல்லியா?”

“அம்மா செத்துப் போயிட்டாங்கப்பா.”

இரைச்சல் மட்டும் கேட்டது.

“இப்பத்தானே சொன்னே, எல்லாரும் நல்லா இருக்கோம்னு.”

“பொய்ப்பா.”

“எதுக்கு எங்கிட்ட பொய் சொல்றே?”

“எப்பவும் அப்படித்தான்பா சொல்லுவோம்.”

“எப்பவுமா?”

“எப்பவும். ஏறுங்கப்பா. தயவுசெஞ்சு ஏறுங்க.”

போன் எதன்மீதோ மோதிய சத்தம். பிறகு வேறொரு குரல்: “கூட்டிட்டுப் போறோம். போனை வச்சிருங்க.”

பொழுது சாய்ந்தபோது வந்தார். பூட்ஸில் மலைச் சேறு காய்ந்திருந்தது. கூடத்திலிருந்தவர்கள் விலகினார்கள். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துணியை விலக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“வலிச்சுதா அவளுக்கு?”

எதிர்வீட்டு அக்கா மகளைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அதிகாரியும் கீழே பார்த்துக்கொண்டார். இல்லப்பா, தூக்கத்திலேயே போயிட்டாங்க என்ற பதில் மகளின் வாயில் தயாராக இருந்தது. விழுங்கினாள்.

“வலிச்சுதுப்பா. ரெண்டு மாசமாவே.”

அப்பா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“மத்ததையும் சொல்லு.”