போ என்று சொன்ன கை

அவளுக்கு வாய் மட்டும் பேசினால் போதாது, கையும் கூடவே பேச வேண்டும். உப்பு கேட்டாலும் கை ஆடும், சாபம் கொடுத்தாலும் கை ஆடும். அப்பேர்ப்பட்டவள் கிரேனுக்குச் சைகை காட்டும் பயிற்சியில் சேர்ந்தாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கண்ணனை முழுங்கின கிரேன்கிட்டயே போய் நிக்கப் போறீங்களா? கல்நெஞ்சுதான் அண்ணி உங்களுக்கு."

"அந்தப் பாவி காட்டின மாதிரி இன்னொருத்தன் காட்டக் கூடாதுல்ல? எப்படிக் காட்டணும்னு நான் காட்டுறேன்."

அந்தப் பாவி அடுத்த தெருக்காரன். அன்றைக்குச் சைகை காட்டியவன் அவன்தான். இரும்பு உத்திரம் தொங்கும்போது, கீழே கோணலாகக் கிடந்த கட்டையைச் சரிசெய்ய இவள் புருஷன் குனிந்து நுழைந்துவிட்டான். அதைப் பார்த்துப் பதறிப்போன சைகைக்காரன் 'தள்ளிப் போ' என்று கையைத் தாழ்த்தி உதறினான். மேலே இருந்த ஆபரேட்டருக்கு அது 'இறக்கு'. இறக்கிவிட்டார்.

"போகச் சொன்னேங்க, சத்தியமா போகத்தான் சொன்னேன்" என்று விசாரணையில் அவன் அழுதான். "ஆளைக் கொன்னுட்டுக் கதை வேற விடுறியா? உன் கை விளங்காமப் போக!" என்று மண்ணை வாரித் தூற்றினாள் இவள். அதற்கப்புறம் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

பயிற்சியில் வாத்தியாருக்கு இவளோடு தினமும் மல்லுக்கட்டுதான். "ஏம்மா, மேல இருக்கறவருக்கு உன் மனசா தெரியும்? கைதான் தெரியும். நீ ஈ ஓட்டினாலும் அது அவருக்கு உத்தரவு." வீட்டில் பிள்ளைகளைத் திட்டும்போதுகூடக் கையை இடுப்பில் செருகிக்கொண்டு திட்டிப் பழகினாள். தேறிவிட்டால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் முதுகு ஒடிகிற வரை அடுக்குமாடிப் படிகளைக் கழுவ வேண்டியதுதான்.

பரீட்சையன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கான்கிரீட் பாளம் மேலே எழுந்து, நகர்ந்து, நின்றது. அப்போது பாளத்தைக் கட்டிவிட்ட ஆள், கீழே விழுந்த கையுறையை எடுக்க அதற்கு நேர் அடியில் போய்க் குனிந்தான். கையைப் பக்கவாட்டில் நீட்டி 'நிறுத்து' காட்ட வேண்டும். மனப்பாடம்தான். ஆனால் அவள் கண்ணில் பட்டது குனிந்த அந்த முதுகு மட்டுமே.

"ஐயோ, போ! போ!" என்று கையைத் தாழ்த்தி உதறினாள்.

பாளம் இறங்கியது.

வாத்தியார் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டியதால் பாளம் அவன் தலைக்குச் சற்று மேலே நின்றது. யார் காட்டினாலும் 'நிறுத்து' என்றால் நிறுத்தியாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"என்னம்மா சைகை அது?" என்று வாத்தியார் கத்தினார்.

"போகச் சொன்னேங்க" என்றாள். தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு, உதறின கையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த தெருவில் அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தவன் அவளைப் பார்த்ததும், மறுபடி மண்ணை வாரிப் போட வந்திருக்கிறாள் என்று நினைத்து, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"அண்ணே, இன்னிக்கு நானும் அதையேதான் காட்டினேன்."

அவன் முகத்திலிருந்து கையை இறக்கிவிட்டுக் கேட்டான்.

"ஆளு?"

"பொழைச்சுட்டான்."

"குடுத்து வச்சவம்மா நீ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.