அண்ணாச்சி சங்கீதம் வாசித்த நாலு நாள்

இரும்பு ஷட்டர் பாதியில் சிக்கும்போது ஒரு சத்தம் வரும்... பல்லைக் கூச வைக்கும் சத்தம். அருப்புக்கோட்டை கடைவீதியில், எங்கள் பாத்திரக்கடை வாசலில், ஒரு மாதம் தினமும் காலையில் அதைக் கேட்டவன் நான்.

பழைய காலத்து ஷட்டர். தூக்க இரண்டு ஆள் வேண்டும். வலது பக்கம் நான், இடது பக்கம் என் தம்பி முருகேசன்.

"ஏலே, தூக்குடா" என்பேன்.

"நீ மொதல்ல தொப்பையத் தூக்குண்ணே" என்பான். சரசரவென்று ஏறிவிடும்.

ஒரு நாள் திருச்சுழி ரோட்டில் பைக்கில் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

அதன்பிறகு ஒற்றை ஆளாகத் தூக்கினால் ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். நானும் அதோடு நின்றுவிடுவேன். இறக்கிப் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். வெயில் ஏறியதும் வீட்டுக்கு.

யாரையாவது ஒரு கை பிடிக்கச் சொல்லியிருக்கலாம். கடைவீதியில் கைக்கா பஞ்சம்? ஆனால் அவன் பக்கத்தில் இன்னொரு கை படுவது எனக்குப் பிடிக்கவில்லை. கடையையே கைமாற்றிவிட முடிவு செய்தேன். 'கடை விற்பனைக்கு' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

ஜெராக்ஸ் கடை ஸ்டெல்லா கணவரை இழந்தபிறகு தனியாகக் கடை நடத்தியவர். வாய் கொஞ்சம் அதிகம். கடைவீதியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்து வைத்திருப்பார். எனக்குத் தெரிந்த வம்பெல்லாம் அங்கே இறக்குமதி செய்ததுதான்.

தாளை வாங்கிப் பார்த்து மேஜையிலேயே வைத்துக்கொண்டார். மெஷினைத் தொடவே இல்லை.

"மெஷினு சூடாகல. நாலு நாளு கழிச்சு வாங்க அண்ணாச்சி."

"நாலு நாளா? இது என்ன மெஷினா, செங்கச் சூளையா?"

"ரொம்பப் பேசாதீக. அதுவரைக்கும் சங்கீதம் வாசிங்க. எங்க வீட்டுக்காரவுக போனப்ப நான் அதத்தான் வாசிச்சேன். மனசு ஆறும்."

நான் திருநீற்றுப் பட்டையோடு பிறந்த வியாபாரி. சங்கீதம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை வாசிக்க வேண்டுமென்றால்... தம்பியின் மவுத் ஆர்கன் பீரோவில் இருந்தது.

மறுநாள் முதல், மூடிய கடையின் படியில் உட்கார்ந்து வாசித்தேன். ஊதினால் ஒரு ஓலம், இழுத்தால் இன்னொரு ஓலம். முதல் நாள் இரண்டு நாய்கள் எதிரே உட்கார்ந்து கூடவே பாடின. இரண்டாம் நாள் நாய்களும் வரவில்லை. மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் கேட்காமலேயே டீ கொண்டு வந்தார். "குடிங்க அண்ணாச்சி. குடிச்சு முடிக்கிற வரைக்குமாவது..." என்று நிறுத்திக்கொண்டார்.

நாலாம் நாள் ஸ்டெல்லாவே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்களக் கும்பிடுறேன். என்ன பண்றீக?"

"நீதான தங்கச்சி சங்கீதம் வாசிக்கச் சொன்ன?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ... பைபிள்ல இருக்கிற சங்கீதம் அண்ணாச்சி! படிக்கிறதத்தான் நாங்க வாசிக்கிறதுன்னு சொல்லுவோம்!"

சிரித்துவிட்டேன். தம்பி போனபிறகு வந்த முதல் சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பட்டப்பகலில், நடுவீதியில், படியில் அண்டா உருண்ட மாதிரி அழுதேன்.

ஸ்டெல்லா தன் கடைக்குள் போய், என் 'கடை விற்பனைக்கு' தாளின் பின்பக்கத்திலேயே இரண்டு சங்கீதங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்து கையில் வைத்தார். காகிதம் சூடாக இருந்தது. மெஷின் ஒருவழியாகச் சூடாகிவிட்டது போல.

துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்ன புத்திமதிதான் அதிலும் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒரு ஆள் கடவுளோடு சண்டை பிடிக்கிறார்! இன்னும் எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பாய், எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று. தண்ணீர் திறந்துவிடுகிற ஆளை எங்கள் தெருப் பெண்கள் மறித்துக் கேட்பதுபோல.

இன்னொன்றில், மனிதன் விடும் கண்ணீரைக் கடவுள் ஒரு தோல்பையில் பிடித்து வைக்கிறாராம். நான் அங்கேதான் விழுந்தேன். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக்கிடந்து, குடம், வாளி, குண்டான் என்று சிந்தாமல் பிடித்து வைக்கிற ஊர்க்காரனுக்கு அது புரியும். என் ஒரு மாத அழுகையையும் ஒருவர் அப்படிப் பிடித்து வைத்திருக்கிறார் என்றால்...

"தோல்பை பத்தாது தங்கச்சி. எங்கிட்டச் சொல்லிருந்தா அண்டா குடுத்துருப்பேனே."

"அப்பக் கடையத் தொறங்க. அண்டா உள்ளதான கெடக்கு?"

எழுந்தேன். வலது பக்கம் நின்று தூக்கினேன், சிக்கியது. மறுபடியும் சிக்கியது. மூன்றாவது தடவை நடுவில் போய் நின்றேன். "எம்புட்டு நாளைக்குச் சாமி?" என்று சத்தமாகவே கேட்டு, பல்லைக் கடித்துத் தூக்கினேன்.

ஏறியது.

சாயங்காலத்துக்குள் 'அண்ணாச்சி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டாரு' என்ற செய்தி பாளையம்பட்டி வரை போய்விட்டது. வீட்டில் என் மனைவி, "மாறுறதா இருந்தா மொதல்ல அந்தக் கொறட்டைய மாத்துங்க" என்றாள். நான் மாறவில்லை. நெற்றியில் பட்டை, கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் அந்தத் தாள். சங்கீதம் வெளியே தெரிய, விற்பனை உள்ளே மறைய ஒட்டியிருக்கிறேன்.

இப்போது பட்டனை அமுக்கினால் ஏறும் ஷட்டர். ஸ்டெல்லா மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். காலையில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு வசனம் போனில் வந்துவிடும். நானும் பதிலுக்குக் கும்பிடு போடுவேன். இருந்தாலும், அன்று கையில் பட்ட சூடு போனில் வருவதில்லை.

நேற்று கரண்ட் இல்லை. கையால்தான் தூக்க வேண்டியிருந்தது. நடுவில் நின்றேன். தம்பி சொன்னபடி முதலில் தொப்பையைத் தூக்கினேன். பிறகு அதே கேள்வி, அதே சாமியிடம். ஏறிவிட்டது. மூச்சு வாங்கியது... படியில் உட்கார்ந்தேன்.

எதிரே இருந்து டீக்கடைக்காரர் பதறி ஓடி வந்தார்.

"அண்ணாச்சி... படியில ஒக்காந்துட்டீக. அந்த ஊதுறது வீட்லதான இருக்கு?"