மைக் அக்காவின் தலையில் கொஞ்சம் கரண்ட்

என் அக்காவின் குரலைக் கேட்காமல் இந்த ஊரிலிருந்து யாரும் பஸ் ஏறிப் போனதில்லை. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை அவளுக்கு. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் அறை, ஒரு மைக், தலையாட்டாத ஒரு மேசை விசிறி, வண்டிகள் வந்து போவதைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சட்டம். கண்டக்டர்கள் எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். கூடப் பிறந்த நானும் நாளடைவில் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன். வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். சாப்பாடு ஆறுகிறது என்று அவள் சொன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று தோன்றும்.

அத்தான் அதற்கு நேர் எதிர். கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர் போல இருப்பார். பேசினாலும் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். இருமல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். அந்த இருமலோடு அக்கா முப்பது வருடம் குடும்பம் நடத்தினாள், சண்டையும் போட்டாள்.

அவர் போய்ச் சேர்ந்த மறு வருடம், மைக் அறைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திறக்காமலே அக்கா சொன்னாள், "அவரு குரல் மறந்துபோச்சுடி."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. காலையில நான் கிளம்பறப்ப குடை எடுத்துக்கிட்டியான்னு கேப்பாரு. அதை நினைச்சுப் பாத்தா என் குரல்லதான் கேக்குது. மைக்ல நானே கேக்கற மாதிரி. அவரைக் காணோம்."

வீடு நிறைய காசெட் இருக்கிறதே, ஒன்றில் கூடவா இல்லை என்று கேட்டேன். இல்லைதான். காமிராவைத் தூக்கியவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முதலில் காமிராவை நிறுத்துவார், பிறகுதான் பேசுவார். அது அவர் தொழில் சுத்தம். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற இருமல் மட்டும் ஊடே பதிந்துவிடும். கல்யாண வீட்டார் முகம் சுளிக்கிறார்கள், பாட்டைப் போட்டு மூடித் தொலையுங்கள் என்று அக்காதான் நச்சரித்தாள். அவரும் அப்படியே மூடினார். செல்போனிலாவது பேசியிருப்பாரா என்றால் அதிலும் எழுதித்தான் அனுப்புவார். எழுதுவதும் 'சரி' என்ற ஒரு வார்த்தை.

அக்கா சும்மா இருக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல் என்று எல்லோரும் சொல்வார்களே, அதை நம்பிக் கொழுந்தனாருக்குப் போன் போட்டாள். அவர் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சாவகாசமாகப் பேசினார். போனை வைத்ததும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இப்ப குடை எடுத்துக்கிட்டியான்னு அவரு தம்பி கேக்கறாரு. இதுக்கு என் குரலே தேவலாம்." அந்தத் தம்பியைத் தலையை விட்டுத் துரத்த அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

இந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தினால் ஞாபகசக்தி கூடுமா என்று ஆராய்கிறார்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் வரலாம் என்று அதில் இருந்தது. இரண்டு பஸ்களுக்கு நடுவே அக்காவே அதை மைக்கில் படித்தாள். தான் படித்ததைத் தானே கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். ஈரக்கையோடு சுவிட்ச் பக்கம் போகாதே என்று எனக்குப் பாடம் நடத்துகிறவள், தலையைக் கொண்டுபோய்க் கரண்டிடம் கொடுக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். திட்டிக்கொண்டேதான் கூடப் போனேன்.

அங்கே ஒரு டாக்டர் பெண். பொறுமைசாலி. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளை அக்காவின் தலையில் வைத்து, ரப்பர் பட்டையால் கட்டினாள். பஞ்சுகளிலிருந்து இரண்டு ஒயர்கள் ஒரு சின்னப் பெட்டிக்குப் போயின. எறும்பு ஊர்வது போலிருக்கும், அவ்வளவுதான் என்றாள். நான் அவளைத் தனியாக அழைத்துக் குரல் விஷயத்தைச் சொன்னேன். அவள் அக்காவிடமே நேராகச் சொன்னாள்:

"புதுசா ஒண்ணைக் கத்துக்க இது உதவுமான்னுதான் பாக்கறோம்மா. அதுவே இன்னும் உறுதியாத் தெரியல. பழசைத் தேடி எடுத்துக் கொடுக்கும்னு நெனச்சு வராதீங்க."

அக்கா தலையாட்டினாள். காதில் வாங்கினாள் என்று அர்த்தமில்லை.

சிலருக்குக் கரண்ட் விடாமல் பேருக்குத்தான் பெட்டியை மாட்டுவார்களாம். யாருக்கு என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாதாம். தனக்கு அசல் கரண்ட்தான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். எறும்பு நன்றாகக் கடித்ததாம்.

பெட்டி ஓடும்போது வார்த்தைகளை ஜோடி ஜோடியாகப் படிப்பார்கள். சாவி, மணல். குடை, ஏணி. பிறகு முதல் வார்த்தையைச் சொன்னால் இவள் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். அக்கா மைக் குரலில் முழங்க, வெளியே காத்திருந்தவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் வந்துச்சா, வந்துச்சா என்று கேட்பேன். "தாமதமா வரும்," என்பாள். வராத பஸ்ஸுக்கு அவள் சொல்லும் அதே பதில். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கடைசி நாள் சோதனையில் டாக்டர் பெண் 'குடை' என்றாள். மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்த அக்கா நின்றுவிட்டாள். உதடு அசைந்தது. பிறகு மெதுவாக, "எடுத்துக்கிட்டியா" என்றாள்.

தப்பு. டாக்டர் பெண் குறித்துக்கொண்டாள். பிறகு நிறைய வார்த்தைகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, இங்கே கேட்ட வார்த்தைகளை மட்டும் தொடச் சொன்னாள். அக்காவின் விரல் நேராக ஏணியில் போய் நின்றது.

"பாத்தீங்களா, அது உள்ளதான் இருந்திருக்கு. நாமளாத் தேடினா கிடைக்காது. எதிர்ல வந்தா அடையாளம் தெரிஞ்சிடும். ரெண்டும் வேற வேற வேலைம்மா."

அக்கா பஞ்சைக் கழற்றக் கூட விடாமல் கேட்டாள், "அப்ப அவரு குரலும் உள்ளதான் இருக்குமா?"

"கேட்டா தெரிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

எதைக் கேட்பது? வீட்டுக்கு வந்ததும் அக்கா கைப்பையைக் கூட வைக்காமல் பரணில் ஏறினாள். கண்டது கடியது எல்லாம் கீழே வந்து விழுந்தது. என் தலையிலும் ஒரு பை விழுந்தது. கடைசியில், கல்யாணத்தில் மூண்ட சண்டையால் இரு வீட்டாருமே வந்து வாங்காமல் போன ஒரு காசெட் அகப்பட்டது. யாரும் வாங்கவில்லை என்பதால் அத்தான் அதில் கை வைக்கவில்லை. பாட்டுச் சேர்க்காமல் எடுத்தது எடுத்தபடி இருந்தது. பிளேயரைப் பழைய ஸ்டூடியோக்காரரிடம் இரவல் வாங்கி வந்தேன்.

படம் ஓடியது. நாற்காலிகள், பூ அலங்காரம், யாரோ ஒரு குழந்தை காமிராவுக்கு நாக்கை நீட்டியது. அத்தான் பேச வேண்டிய இடத்திலெல்லாம் படம் சட்டென்று வெட்டி வேறு இடத்துக்குத் தாவியது. பாழாய்ப்போன தொழில் சுத்தம் என்று நான் வாய்விட்டே திட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்தார்கள். அப்போது திரைக்குப் பின்னால், காமிராவே குலுங்கும்படி, ஓர் இருமல்.

"தண்ணியக் குடிங்கன்னா கேக்கறதேயில்ல," என்றாள் அக்கா.

மைக் குரல் இல்லை அது. அவளுக்குள் அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள் போல டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் படத்தை நிறுத்தினேன்.

"வந்துச்சாக்கா?"

"வாசல் வரைக்கும் வந்து நிக்கறாரு," என்றாள். "இன்னொரு தடவ போடு."