ராஜம்மா அக்கா சமைத்த மூன்று நாள்

நகரியிலிருந்து போன் வந்தபோது திருப்பதியில் மகள் வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ராஜம்மா அக்கா போய்விட்டாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளான உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது.

திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கா, ஆந்திராவுக்கா என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். எனக்கு முப்பத்துநாலு வயது, ஒரே பெண் குழந்தை. மாதத்தீட்டு நின்றுபோனது. கர்ப்பமும் இல்லை. அடுப்புப் பக்கம் போகாமலே உடம்பு தகிக்கும், ரவிக்கை நனைந்துவிடும். மாமியாரோ பேரன் வேண்டுமென்று என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாக விஜயபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தார். தீட்டு நின்றது தெரிந்தால் அவ்வளவுதான். அதனால் மாதாமாதம் வழக்கம்போல மூன்று நாள் மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையில் தூரமாக உட்கார்ந்தேன். என்ன நடிப்பு! அந்த நாட்களில் சமையல் அக்காதான்.

ஒருநாள் சோறு கொண்டுவந்தவள், தட்டை எட்டத் தள்ளிவிட்டுப் போகாமல் என்னை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"கொட்டாய்க்குப் பின்னால துணியே காயல. எத்தினி மாசமா ஏமாத்திக்கினு கீற?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோயிலுக்கு என்று சொல்லி என்னை ரயிலேற்றிப் புத்தூர் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். சிலருக்கு நாற்பதுக்கு முன்பே நின்றுவிடும், இது யாருடைய தப்பும் இல்லை, எலும்புக்குப் பாலும் கேழ்வரகும் வேண்டும் என்று அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்காரரிடம் நானே சொல்ல வேண்டும், பக்கத்தில் தான் நிற்பேன் என்றாள் அக்கா. நின்றாள். வீட்டுக்காரர் முதலில் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "நமக்குத்தான் பொண்ணு கீதே, இன்னொருத்தி எதுக்கு?" என்றார். விஜயபுரத்துப் பேச்சு அதோடு முடிந்தது. மாமியார் பொங்கல் வரை என்னிடம் முகம் கொடுக்கவில்லை, போகட்டும்.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தபோது நான் பாட்டுக்கு அடுப்படிக்குப் போனேன். அக்கா கரண்டியைப் பிடுங்கினாள்.

"தூரம் நின்னா இன்னா, முதுகுவலி நின்னுச்சா? போய் உக்காரு."

மாமியார் முணுமுணுத்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து மாதம் மூன்று நாள் எனக்கு ராஜபோகம். பின்னாளில் அவளுக்கும் நின்றபோது அவளை உட்காரவைத்து நான் சமைத்தேன். குழம்பில் உப்பில்லை என்று மூன்று நாளும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

காரியம் முடிந்து திருப்பதிக்குத் திரும்பியதும் பின்கட்டில் பாயை விரித்து உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, இந்த வயசுல தூரமா?" என்று மகள் சிரித்தாள்.

"ஆமா. அக்கா குடுத்த மூணு நாளு. சோறு நீ போடு."