அப்பள ஷெல்ஃபுக்கு அடியில் ஒரு நம்பர் பிளேட்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இன்று எனக்குப் புதையல் கிடைத்தது.

இட்லி அரிசி வாங்கப் போன கடையில், அப்பள ஷெல்ஃபின் காலுக்கு அடியில் ஒரு பழைய டெல்லி நம்பர் பிளேட். கறுப்புத் தகட்டில் கையால் எழுதிய வெள்ளை எழுத்து. இப்போதைய DL வருவதற்கு முந்தைய DH வரிசை. ஆறு வருடமாகப் பழைய பிளேட்டுகளைச் சேர்க்கிறேன், இது மட்டும் என்னிடம் இல்லை.

கேட்டேன்.

"அச்சா, எடுத்துக்குங்க சார். ஆனா ஷெல்ஃப் சாஞ்சிடுமே" என்றார் கடைக்காரர்.

காருக்கு ஓடினேன். காலையில்தான் அரசு கட்டாயமாக்கிய, ஹாலோகிராம் வைத்த புது பிளேட் மாட்டியிருந்தேன். கழற்றிய வெள்ளை பிளேட் டிக்கியில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து செருகினோம்.

கடைக்காரர் ஷெல்ஃபை ஆட்டிப் பார்த்தார். "பழசுதான் சார் கனமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் போகிறவர்கள், ஷெல்ஃப் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் போனால் திருப்பிக் கேட்டுவிடுவார்.