இது இரும்பு இல்லை, நானா

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கொங்கிறீட்டைப் பற்றி எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் நான். எழுதுவது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அக்குறணையில் எங்கள் இஞ்சினியர் மிஸ் கண்ணாடிக் கம்பி போட்டுக் கட்டிய சின்னப் பாலம் சரிவரவில்லை என்றும், அந்த வெட்கத்தில்தான் அவர் வேலையை விட்டு ஓடினார் என்றும் பஸ்ஸில் ஒருவர் சொல்லக் கேட்டேன். அது பொய். மிஸ் மாற்றலாகிப் போனார். பாலம் அங்கேயே இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய் ஏறி நின்று பார்க்கலாம்.

அந்தக் கம்பிகள் லொறியில் வந்து இறங்கிய காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி நூலைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த, வெளிறிய மஞ்சள் கம்பிகள். இரும்பாக இருந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டிய கம்பிக்கட்டை மிஸ் தனியாகத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். "மிஸ், இது உடுப்புக் காயப்போடவா?" என்று ஒருவன் கத்தினான். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓம், உங்கட சறத்தைக் கழட்டித் தாங்கோ, இப்பவே காயப்போட்டுப் பாப்பம்" என்றார். அவன் சறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான்.

பழைய பாலத்தின் இரும்பு துருவேறி ஊதி, கொங்கிறீட்டையே வெடிக்க வைத்திருந்தது. மிஸ் அதைக் காட்டித்தான் எங்களுக்கு விளக்கினார். இரும்பை உருக்கவும் சிமெந்தைச் சுடவும் எவ்வளவோ எரிக்கிறார்கள். அந்தப் புகைதான் வெயிலையும் மழையையும் குழப்புகிறது. இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றவே மேலே சிமெந்தைத் தடிப்பாகப் போடுகிறோம். துருவே பிடிக்காத கம்பி என்றால் இரண்டையும் குறைக்கலாம். கணக்கெல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியபோது, பிள்ளைகளோடு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தவள் நான். மழையின் குணம் மாறிவிட்டது என்று யாரும் எனக்குப் படித்துச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வேலைத்தளத்தில் பெண்கள் நாங்கள் மணலும் கல்லும் சுமப்போம். கம்பி கட்டுவது ஆண்களின் வேலை. வேலையை நடத்துகிற பாஸ் மடவளை முஸ்லிம்; அண்ணன் என்பதற்கு நாங்கள் அவரை நானா என்போம். அவர், "இரும்புல பொம்பள கை வைக்கப்படாது" என்பார். காரணம் கேட்டால் வழக்கம் என்பார். மிஸ் அவரிடம், "இது இரும்பில்லைத்தானே நானா, அப்ப அவ கட்டட்டும்" என்று பிளாஸ்டிக் கட்டுநூல் சுருளை என் கையில் தந்தார். அன்றிலிருந்து நானும் கட்டினேன்.

கொங்கிறீட் போடும் நாளில் மிஸ் வேறு தளத்தில் இருந்தார். கம்பிகளைக் கீழே அச்சுப் பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதி கட்டியதும் லொறி வந்துவிட்டது. "போதும், இரும்பு எங்க போகப் போகுது?" என்றார் நானா. இத்தனை நாள் கழித்தும் அவர் வாயில் அது இரும்புதான். இரும்பு வைத்த இடத்தில் கிடக்கும். இது கொங்கிறீட்டை விட இலேசு. கொங்கிறீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டரை உள்ளே விட்டதும், கட்டாத பக்கத்தில் கம்பிகள் சாரைப்பாம்பு முதுகு காட்டுவதுபோல மெல்ல மேலே வந்தன.

பாரம் தாங்க வேண்டிய கம்பி அடியில் இருக்க வேண்டும். இப்படியே இறுகினால் பாலம் ஒரு நாள் விரிசல் விடும். விரிசல் விட்டால் கம்பியைத்தான் குற்றம் சொல்வார்கள், எங்களை அல்ல. நான் போய் வைப்ரேட்டரின் வயரைப் பிடுங்கினேன்.

"தங்கச்சி! லொறி நிக்குது, கொங்கிறீட் இறுகப் போகுது, விளையாடாத!"

"நானா, கம்பி மேல வருது."

"இரும்பு எழும்பி வருமா? அதென்ன பப்பாசிக்காயா, மிதக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வயரை விடவில்லை.

"இது இரும்பு இல்ல, நானா. இரும்பா இருந்தா என்னைக் கட்ட விட்டிருப்பீங்களா?"

நானா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு கம்பியை இழுக்க, அந்தப் பக்கம் முழுவதும் ஆடியது. பிறகு மண்வெட்டியை எடுத்து, போட்ட கொங்கிறீட்டை முதல் ஆளாக அள்ளி வெளியே கொட்டத் தொடங்கினார். கொந்தராத்துக்காரர் போனில் கத்தியபோது, "என்ட பிழை" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் வேலையை நிறுத்திய பொம்பளை இனி வரக்கூடாது என்று உத்தரவு வந்தது.

பின்னேரம் மிஸ் வந்தார். "ஆர் நிப்பாட்டினது?" என்று கேட்டார். நானா என் பக்கம் கையைக் காட்டினார். மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிக்கோணும்" என்றார். வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "சொன்னவைக்கு நான் சொல்லுறன். நீங்கள் வாங்கோ."

மறுநாள் ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். மீதிக் கம்பிகளை நானும் நானாவும் கீழே இறுக்கிக் கட்டினோம். பத்து மணிக்கு அடுத்த லொறி வந்தது.